பின்மூடியில் இரண்டு புள்ளி

பாத்திரத்தில் பேர் வெட்டச் சொல்லி வருகிறவர்கள் எல்லோருமே யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். விசேஷத்துக்குச் சமைக்க வரும் ஆட்கள், மாடிக் குடித்தனக்காரர்கள், ஓரகத்தி, சில சமயம் சொந்த மாமியார். குடத்தை என் முன்னால் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இனிஷியலைப் பெரிசாப் போடுங்க, அவங்க வீட்லயும் இதே பேர்தான்" என்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மேஜை, பிடித்தால் கிர்ரென்று கையோடு அதிரும் பேர் வெட்டும் மிஷின். அதுதான் என் இடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு எழுதியதெல்லாம் எவர்சில்வரில்தான்.

ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி வைப்பேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. பிற்பாடு யாராவது கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்துப் பாத்திரத்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நானாகச் செய்துகொண்ட ஏற்பாடு. புள்ளி விழுந்துவிட்டால் பேர் அங்கே முடிந்தது.

பீடி, சிகரெட், சினிமா எதுவும் எனக்குக் கிடையாது. பழைய வாட்ச் மட்டும் உண்டு. சாவி கொடுத்து ஓடுகிற வாட்ச். ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் துண்டு விரித்து விற்பார்கள். கும்பலாக நின்று பேரம் பேச எனக்கு வராது. கூட்டம் கலைந்த பிறகு போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டு, ஒன்றை வாங்கி வருவேன். விற்கிறவனிடம் சரியாக ஓடும். நான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் முந்தத் தொடங்கும். எந்த வாட்ச் ஆனாலும் இதே கதை. ரிப்பேருக்குக் கொடுத்தால் சரியாகித் திரும்பும், மறுபடி முந்தும். உள்ளே நல்ல சாமானை உருவிக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். தி. நகர் ரிப்பேர் கடையை விட்டுச் சைதாப்பேட்டைக்குப் போனேன், அதையும் விட்டு அடையாறுக்கு வந்தேன். யாரிடமும் சண்டை போட்டதில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகமாட்டேன், அவ்வளவுதான்.

கடையில் எனக்குப் பழக்கமான ஒரே ஆள் அண்ணாச்சி. தெற்கத்திக்காரர், விற்பனைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். கடைக்காரருக்கும் அவருக்கும் ஒரே ஊர். என் அப்பாவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான், ஆனால் நான் பிறந்து வளர்ந்தது இங்கே. அண்ணாச்சிக்கு என் வயது. வாய் ஓயாது. நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். மதியம் மொட்டை மாடியில் ஒன்றாகச் சாப்பிடுவோம். அப்படிச் சாப்பிடும்போதுதான் ஒருநாள் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வேய், உம்ம மகளுக்கு எம் மகனைக் கேக்கலாம்னு பாக்கேன், என்ன சொல்லுதீரு?" என்றார். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்பது போல.

பையன் தரமணியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறான். என் மகள் அடையாறில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். பெண் பார்க்க வந்தார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. மகள் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. அன்றைக்கு மீந்த பஜ்ஜியை யாருக்கும் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். அவள் அம்மாவுக்கு அது போதும்.

நிச்சயத்தின்போது மாப்பிள்ளை கையில் பெண் வீட்டார் வாட்ச் கட்ட வேண்டும். என்ன வாட்ச் வேண்டும் என்று கேட்டதற்குப் பையன் என் மணிக்கட்டைப் பார்த்தான். "இந்த மாதிரி பழசு வேணும் மாமா. சாவி குடுக்கறது. புதுசு எல்லார் கையிலயும் இருக்கு" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பு சரியாக உட்காரவில்லை. ஒரே மகனுக்குச் சம்பந்தி வீட்டில் பழைய வாட்ச் கட்டினார்கள் என்று ஊரில் சொல்ல யாருக்கு மனம் வரும்? அன்றிலிருந்து அவர் என்னை 'வேய்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த மரியாதைகூட எனக்கு உறுத்தியது.

தீபாவளிக்கு முன்னால் கடைக்காரர் பினாங்கில் ஒரு சந்தையில் கடை போட்டார். அங்கே தமிழர்கள் நிறைய. பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டுவது இலவசம் என்று விளம்பரம். அதனால் விற்க அண்ணாச்சியும், பேர் வெட்ட நானும் போக வேண்டியதாயிற்று. எனக்கு முதல் விமானம், முதல் வெளிநாடு. மகள்தான் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தாள். "அப்பா, அங்கயும் ரோட்ல உக்காந்து வாட்ச் பாக்காதப்பா" என்று சொல்லி அனுப்பினாள்.

அங்கே போய் அதைத்தான் செய்தேன். சந்தைக்குப் பின்னால் ஒரு தெருவில் ஞாயிறு காலையில் பழைய சாமான் விரிப்பார்கள். நாணயம், பீங்கான், துருப்பிடித்த விளக்கு, நடுவில் வாட்ச். ஒரு வயதான சீனப் பெண் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். துண்டில் இருந்தவை எல்லாம் சாயம் பூசிய டயல், பார்த்தாலே தெரியும். நான் எழுந்துகொள்ளப் போனபோது இடுப்புப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சில் ஒரே ஒரு வாட்ச். வெள்ளை டயல் லேசாகத் தயிர் நிறத்துக்கு மாறியிருந்தது. அதை என் காதோடு வைத்து, "பாகுஸ், பாகுஸ்" என்றாள். நல்லது என்று அர்த்தமாம்.

அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறெதுவும் தெரியாது. கைஜாடை போதுமாக இருந்ததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் சந்தேகம் ஜாடையிலும் வரும். இத்தனை பேர் போய்வரும்போது எனக்கு மட்டும் ஏன் டப்பாவைத் திறந்தாள்? அன்று வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு போனேன். மறுபடி டப்பா. செல்போனைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைத்து, சாவி கொடுத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தெருவெல்லாம் சுற்றி, ஒரு கோயில் வாசலில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். முள் ஒரு இம்மிகூட மாறவில்லை. அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாங்கிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு உரியதை நான் கட்டக்கூடாது. அறையில் பெட்டிக்குள், சட்டைகளுக்கு அடியில் வைத்து, காலையில் எழுந்ததும் எடுத்து ஒத்துப் பார்ப்பேன். அந்த வாரம் முழுக்கச் சரியாக ஓடியது. என் வாழ்க்கையில் முந்தாத முதல் வாட்ச்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அண்ணாச்சிக்கு விடுமுறை கிடைத்தது. ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். குளிக்கப் போகிற போக்கில், "சம்பந்தி, அந்த வாட்ச்ச இன்னைக்கு நான் கட்டிக்கிடட்டுமா? எப்படியும் எம் மகனுக்குத்தான?" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. ஆனால் மனம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வாரத்தில் மூன்று நாலு முறை விலை என்ன என்று கேட்டிருந்தார். எந்தக் கடையில் என்று கேட்டிருந்தார். பழசைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் எதற்காகக் கேட்கவேண்டும்? இவர் ஒரு வாட்ச்சோடு போய் வேறொரு வாட்ச்சோடு வந்தால் எனக்கு என்ன அத்தாட்சி?

பேர் வெட்டும் மிஷினை நான் சந்தைக் கடையில் விட்டுவிட்டு வருவதில்லை, யார் எடுப்பார்களோ என்று அறைக்குக் கொண்டுவந்துவிடுவேன். குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மிஷினைப் பிளக்கில் செருகினேன். வாட்ச்சைத் திருப்பி, பின்மூடியின் ஓரத்தில், பட்டைக்கு அடியில் மறைகிற இடத்தில், இரண்டு புள்ளி வைத்தேன். ஊசி முனை அளவு. அவர் துண்டோடு வெளியே வந்தபோது வாட்ச் மேஜைமேல் இருந்தது.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பினார். கையில் ஒரு பொட்டலம். பினாங்கில் பேர்போன நாசி கண்டார் சோறு, கோழி, மீன், முட்டை எல்லாம் சேர்த்து. இத்தனை வருஷப் பழக்கத்தில் அண்ணாச்சி எனக்கு ஒரு வடை வாங்கித் தந்தது கிடையாது. "நல்லாச் சாப்பிடுங்க சம்பந்தி" என்று இலையை என் பக்கம் தள்ளினார். என் கண்ணைப் பார்க்கவில்லை. வாட்ச்சை வாங்கியதும் பட்டையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு புள்ளியும் இருந்தன. அப்படியானால் சரி என்று சாப்பிட்டேன்.

காலையில் ஒத்துப் பார்த்தேன். செல்போனைவிடப் பத்து நிமிஷம் முன்னால் ஓடியிருந்தது.

பட்டையை விலக்கிப் பார்த்தேன். மூடி அதே மூடிதான், என் புள்ளி இருக்கிறது. ஆனால் உள்ளே? மூடியைத் திறந்து வாட்ச்சின் மிஷினை எடுத்துவிட்டு வேறு மிஷினைப் போட்டு மறுபடி மூடிவிட்டால் புள்ளி என்ன சொல்லும்? இதற்குத்தானா நாசி கண்டார்?

விமானத்தில் அவர் ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில். வாட்ச்சை உள்பையில் வைத்து ஊக்கு குத்தியிருந்தேன். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நிஜமாகத்தான் தூங்குகிறாரா என்று வெகுநேரம் பார்த்தேன். காலுக்கடியில் அவருடைய பை இருந்தது. அதற்குள் பஞ்சு சுற்றிய ஒரு சின்ன மிஷின் கிடந்து டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. குனிந்து காதைக் கொண்டுபோனேன். விமானச் சத்தத்தில் என்ன கேட்கும்?

சென்னை விமான நிலையத்தில் ஒரு சுங்க அதிகாரி வாட்ச்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பட்டையை விலக்கிப் புள்ளிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன இது?"

"புள்ளி சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

அண்ணாச்சி பின்னாலிருந்து, "பாத்திரத்துல பேர் வெட்டுத ஆள் சார், கை சும்மா இருக்காது" என்றார். அதிகாரி சிரித்து அனுப்பிவிட்டார். புள்ளியைப் பற்றி அண்ணாச்சி வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஊரூர் குப்பத்துக்குப் பின்னால், இரண்டு அறை. மீன் கூடைகள் போய்வருகிற சந்து. இரண்டு நாள் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் முந்தியது.

"இன்னா, வாட்ச்சையே முறைச்சிக்கினு கீற?" என்றாள் மனைவி. "ஃபாரின் போய் வந்து பேசறதும் பூட்ச்சா?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். "அண்ணாச்சியா? அவரு வாயில தான் உருட்டு, கை சுத்தம்." பிறகு கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். அவள் யோசித்திருக்கக் கூடாது. "ஆனா ஒண்ணு. பொண்ணு பாக்க வந்தப்போ அவங்க வீட்டம்மா நம்ம குடத்தைத் தூக்கித் தூக்கிப் பாத்துது. கனம் பாத்துதோ?"

"பேர் பார்த்திருக்கும்."

"கனம்தான் பாத்துது. இப்பத்தான் புரியுது." அவள் குரல் மாறிவிட்டது. "சொந்தப் புள்ளைக்குப் போடற வாட்ச்லயே கை வெக்கற மனுசன்னா, நாம சீர் குடுத்து அனுப்புற பொண்ணு அங்க எப்படிய்யா வாழும்?"

அதுவரை என் மனதில் வாட்ச் மட்டும்தான் இருந்தது. அவள் சொன்ன பிறகுதான் அதற்குப் பின்னால் மகள் நிற்பது தெரிந்தது. நிச்சயத்துக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. உள்ளே மிஷின் மாறியிருந்தால் நிச்சயம் வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். மெதுவாகத்தான் பேசினோம். ஆனால் இரண்டு அறை வீட்டில் மெதுவாக என்பதே கிடையாது. மகள் வாசற்படியில் நின்றிருந்தாள், மருந்துக் கடை உடுப்போடு.

"வாட்ச் ஃபாஸ்ட்டா ஓடுதுன்னா கல்யாணத்தை நிறுத்துவியாப்பா?"

"வாட்ச் இல்லம்மா…"

"உன் வாட்ச் எதுப்பா சரியா ஓடிச்சு இதுவரைக்கும்?" அவள் அழவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்ப வெளியே போய்விட்டாள், வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள். கடற்கரைப் பக்கம் போயிருப்பாள் என்று மனைவி சொன்னாள். மகள் சொன்ன வார்த்தை எனக்கு அப்போது உறைக்கவில்லை. எதிர்த்துப் பேசுகிறாள் என்று மட்டும் நினைத்தேன்.

தி. நகரில் காட்டினால் அண்ணாச்சி காதுக்குப் போய்விடும். அதனால் மயிலாப்பூருக்குப் போனேன். குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம் என்று பூக்காரம்மா சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள். அதனால் அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

"உள்ள மிஷின் மாத்தியிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லணும் பாய்" என்றேன். "என் கண்ணு முன்னாலயே தொறக்கணும்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, டெஸ்ட்டு பண்ண வந்தியா? யாரு அனுப்ச்சா?"

"யாரும் இல்ல."

"திருட்டு மாலா?"

"ஐயோ, இல்ல பாய். மாப்பிள்ளைக்கு வாங்கினது."

"மாப்ளைக்கா? பழச?" அவருடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கத்தி முனையால் பின்மூடியை நெம்பப் போனார். நெம்புவதற்கு முன்னால் நிறுத்தினார். "இத்த யாரோ இப்பத்தான் தொறந்துக்கிறாங்க. கீறல் புதுசா கீது பார்."

மகளை எப்படிக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மூடி வந்தது. பாய் வெகுநேரம் குனிந்திருந்தார். பூக்காரம்மா தண்ணீர் தெளித்தது என் முதுகில் பட்டது. கடைசியில் நிமிர்ந்தார். "தொறந்து பாத்துட்டு அப்டியே மூடிக்கிறான். ஒரு ஸ்க்ரூ கூட தொடல. எல்லாத்துலயும் பழைய எண்ணெ அப்டியே காஞ்சி கீது. மிஷினும் கேஸும் ஒண்ணாப் பொறந்தது நைனா."

"நல்லாப் பாருங்க பாய். மாத்தாமலா பத்து நிமிஷம் முந்துது?"

"பத்து நிமிசமா?" பாய் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் காம்பஸை எடுத்தார். பள்ளிக்கூடப் பையன்கள் திசை பார்க்க வைத்திருப்பது. அதை வாட்ச்சுக்கு மேலே பிடித்தார். ஊசி நடுங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. "காந்தம் ஏறிக் கீது. உள்ள மயிரு கணக்கா ஒரு ஸ்பிரிங் கீதுல்ல, அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினா வாட்ச் தறிகெட்டு ஓடும்." பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். "உன்தக் காட்டு."

நான் கட்டியிருந்த வாட்ச்சுக்கு மேலே காம்பஸைக் கொண்டுவந்ததும் ஊசி முழுவதாகச் சுற்றி நின்றது.

"டேய் நைனா! இன்னா வேல பாக்கற நீ? கரண்டு ஆபீஸா?"

இத்தனை வருஷத்தில் எந்த வாட்ச் கடைக்காரரிடமும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை, நானும் பேசியதில்லை. "பாத்திரத்துல பேர் வெட்டறேன்" என்றேன்.

"மிஷின்லயா?"

"மிஷின்லதான்."

பாய் கண்ணாடிப் பெட்டியைத் தட்டிச் சிரித்தார். பூக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார், ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். "அதுக்குள்ள காயில் கீதுய்யா! கரண்டு பாஞ்சா அதுவே ஒரு காந்தம். அத்தக் கையில புட்ச்சிக்கினு, அதே கையில வாட்ச்சையும் கட்டிக்கினு... எத்தினி கடைக்காரன சபிச்சே நீ?" பிறகு பின்மூடியைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இந்தப் புள்ளி யாரு வெச்சது?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் காந்தம் இறக்குகிற ஒரு நீலப் பெட்டியின் மேல் வாட்ச்சை வைத்து, பொத்தானை அழுத்தி, மெதுவாக மேலே தூக்கி எடுத்தார். காம்பஸ் ஊசி அசையவில்லை. அவ்வளவுதான் வேலை. "ஒண்ணு அந்த மிஷின உட்டுடு. இல்ல வாட்ச்ச உட்டுடு" என்றார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, நான் போகாமல் விட்ட கடைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். மகள் சொன்னது அப்போதுதான் உறைத்தது, பினாங்கு வாட்ச்சில் காந்தம் ஏற்றியதும் நான் புள்ளி வைத்த மிஷின்தான் என்பதும். இனி மனம் லேசாகிவிட வேண்டியதுதான். ஆகவில்லை. மிஷின் மாறவில்லை, சரி. திறந்தது உண்மைதானே? எதற்காகத் திறக்கவேண்டும்?

மனைவியும் அதையேதான் கேட்டாள். "மாத்தல, ஆனா தொறந்துகிறாரு. மாத்தலாம்னு தொறந்து, முடியாம மூடினாரோ இன்னாவோ?" மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "அவரையே கேக்கலாம்ல?" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மறுநாள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். கேட்பதற்குள் என் சாதம் காய்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, பினாங்குல அந்த வாட்ச்சைத் தொறந்தீங்களா?"

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார். "தொறந்தேன்."

"எதுக்கு?"

"நீரு எதுக்குப் புள்ளி வச்சீரு வேய்?"

எவ்வளவோ நாளுக்குப் பிறகு 'வேய்' என்று கூப்பிட்டார். நான் டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குளிச்சிக்கிட்டு இருக்கேன், கிர்ருன்னு சத்தம் கேக்கு. இந்த நேரத்துல யாரு குடத்துக்குப் பேர் வெட்டுதார்னு நெனச்சேன். கட்டிக்கிட்டு வெளிய போயி, பட்டைய நவத்திப் பாத்தா ரெண்டு புள்ளி. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. இருவது வருசமா அந்தப் புள்ளியத்தானய்யா நான் வித்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா உம்ம கை? ஒரு நாள் கையில குடுக்கதுக்குள்ள நான் திருடனாப் போயிட்டேன்."

"அப்படி இல்ல அண்ணாச்சி…"

"சும்மா இரும். சொல்லி முடிச்சிருதேன்." தண்ணீர் குடித்தார். "எனக்கும் புத்தி எங்க போச்சுன்னா, இந்த மனுசன் இவ்வளவு பயப்படுதான்னா இதுல என்னமோ சூது இருக்கு, ஏதோ செத்த சாமானத் தேச்சுப் பளபளன்னு ஆக்கி எம் மகன் தலையில கெட்டப் பாக்கான்னு போச்சு. ஊர்க்காரனைப் பாக்கப் போகல. நேரா ஒரு வாட்ச் கடைக்குப் போயி, தொறந்து பாருன்னு குடுத்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அசல் சாமான், விக்கியான்னு கேட்டான்." அண்ணாச்சி மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வரிசையாக நிற்கும் கடைகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்தார். "வெக்கமாப் போச்சு வேய். அதான் அன்னைக்குச் சோறு வாங்கிட்டு வந்தேன். நீரும் ஒரு எலும்பு விடாமத் தின்னீரு."

நான் காம்பஸைப் பற்றிச் சொன்னேன். அவர் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும், சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "புள்ளி வச்ச கதையை நான் வீட்டுல சொல்லல" என்றார். "சொன்னா அவ இந்த நிமிசமே சம்பந்தம் வேண்டாம்னுருவா. சொல்லாம வச்சிருக்கேன். நீரு உம்ம வீட்டுல சொல்லிட்டீரா?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"நாசி கண்டார் வரைக்கும்."

அவர் என்னையே பார்த்தார். இதோ எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். கீழே கடையில் யாரோ குடத்தைச் சுண்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவர் தன் டப்பாவிலிருந்த மீன் துண்டை எடுத்து என் சாதத்தில் வைத்தார். "உம்ம வீட்டுக்காரி கிட்ட இதையும் சொல்லும்" என்றார். "ஆனா எவ கிட்ட என்ன சொன்னாலும் நிச்சயத்தன்னைக்கு எம் பொஞ்சாதி பக்கத்துல அவளை உக்கார விட்டுராதீரும்."

அப்படியே செய்தோம். மண்டபத்தில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் என் மகளின் அத்தையை உட்கார வைத்தோம். மாப்பிள்ளை கையை நீட்டினான், நான் வாட்ச் கட்டினேன். பட்டை இரண்டு முறை வழுக்கியது. கட்டி முடித்ததும் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார், செல்போனை எடுத்தார், மறுபடி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நாளாக அவள் என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

போன வாரம் மாப்பிள்ளை ஆபீஸ் முடிந்து கடைக்கு வந்தான். கல்யாணச் சீருக்கு அவன் அம்மா எடுத்து வைத்த தாம்பாளத்தில் பேர் வெட்டவேண்டுமாம். நான் மிஷினைப் பிடித்து ஒரு அண்டாவில் வேலையாக இருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "மாமா" என்று நேராக என் மேஜைக்கு வந்தான். இடது கையில் தாம்பாளம், அதே கையில் வாட்ச்.

"அங்கயே நில்லுங்க!" என்று கத்திவிட்டேன். அந்தக் கடையில் நான் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சேலை கட்டிய ஒரு அம்மா குக்கரைக் கீழே வைத்துவிட்டார். பையன் படிக்கட்டுப் பக்கத்தில் அப்படியே நின்றான். என்ன தப்பு செய்தோம் என்று அவன் முகம் யோசிப்பது தெரிந்தது. என்னையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அண்ணாச்சி கல்லாப் பக்கத்திலிருந்து, "வாட்ச்சக் கழத்திட்டுப் போலே, மாமாகிட்டப் போறதுன்னா" என்றார்.

"ஏம்ப்பா?"

"கேள்வி கேக்காத. கழத்து."

பையன் வாட்ச்சைக் கழற்றி, அப்பாவிடம் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கொடுக்காமல், தூரத்தில் ஒரு அலமாரியில் தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தான். "நல்லா ஓடுது மாமா" என்றான் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டே. "அப்பா தெனமும் காலையில செல்லை வெச்சு செக் பண்றாரு."

நான் மிஷினை அணைத்தேன். என் ஸ்டூலிலிருந்து அலமாரியும் தெரியும், சுவர்க் கடிகாரமும் தெரியும். இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். வாட்ச்சைவிடச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் முன்னால் இருந்தது. செல்போனை எடுத்துப் பார்த்தேன். வாட்ச்தான் சரி. கடைக் கடிகாரம் என் மிஷினுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் அதை முந்தி வைத்தது யார், எதற்காக என்று யோசித்துக்கொண்டே தாம்பாளத்தைத் திருப்பினேன்.